எந்தத் தொடரைப் பார்க்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

திருமண வீட்டுப் பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கும்போதும், அலுவலகத்தில் தேநீருக்காக எழுந்து போகும்போதும், என்னிடம் வந்து சேரும் கேள்வி ஒன்றுதான்: "பார்ப்பதற்கு நல்ல தொடராக ஒன்று சொல்லுங்களேன்." பல ஆண்டுகளாக வாய்மொழியாகச் சொல்லிவந்த பதில்களை, அவற்றின் வால்பிடித்து வரும் துணைக் கேள்விகளோடு சேர்த்து இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கதைகளின் முக்கிய முடிச்சுகளை எங்கும் அவிழ்க்கவில்லை, தயங்காமல் படிக்கலாம்.

ஒரு தொடரைப் பரிந்துரைக்க எதை அளவுகோலாக வைத்திருக்கிறீர்கள்?

கதை எங்கே முடியப்போகிறது என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். நடிப்பு, ஒளிப்பதிவு, இசை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு திரைப்படம் பிடிக்காமல் போனால் இரண்டரை மணி நேரத்தோடு போயிற்று என்று எழுந்து வந்துவிடலாம். அறுபது எபிசோடுகள் உள்ள ஒரு தொடரை இரவுக்கு ஒன்றாகப் பார்த்தால் இரண்டு மாதங்கள் ஆகின்றன. இரண்டு மாதம் ஒரு வீட்டில் விருந்தாளியாகத் தங்கியவரை, கிளம்பும் நாளில் வீட்டுக்காரர் வாசல்வரை வந்து வழியனுப்ப வேண்டும் அல்லவா? பல தொடர்கள் அதைச் செய்வதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்விடுகின்றன.

இதற்குக் காரணம் எழுத்தாளர்களின் திறமைக்குறைவு மட்டும் அல்ல. விளம்பர வருவாயில் நடக்கும் தொலைக்காட்சியில், பார்ப்பவர்கள் இருக்கும்வரை கதையை நீட்டுவதும், பார்ப்பவர்கள் குறைந்ததும் சட்டென்று நிறுத்துவதும் தொழிலின் கணக்கு. இரண்டிலுமே கதை தனக்குரிய இடத்தில் முடிவதற்கு வாய்ப்பு இல்லை. நான் பரிந்துரைப்பவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இந்தக் கணக்கிலிருந்து தப்பியவை.

வெளிநாட்டுத் தொடர் எதையும் இதுவரை பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்?

செர்னோபில். 2019ஆம் ஆண்டு வந்தது; ஐந்தே எபிசோடுகள். ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம் என்பதால், தொடர் பார்க்கும் பழக்கம் நமக்கு ஒத்துவருமா என்று தெரியாதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி அதிகாலையில், அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த உக்ரைனின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நான்காவது உலை வெடித்தது. பேரழிவைப் பற்றிய படம் என்றால் வெடிப்பைத்தான் முதலில் பெரிதாகக் காட்டுவார்கள் என்று எதிர்பார்ப்போம். இத்தொடரிலோ வெடிப்பு, தொலைவில் இருக்கும் ஓர் அடுக்குமாடி வீட்டின் சன்னலுக்கு வெளியே சிறு வெளிச்சமாகத் தெரிகிறது. சில நொடிகள் கழித்துத்தான் அதிர்வு வந்து வீட்டை உலுக்குகிறது. எழுதிய கிரேக் மேசினும் இயக்கிய யோஹான் ரெங்க்கும் எதைக் குறிவைத்திருக்கிறார்கள் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. உலை வெடித்ததைவிட, அது வெடிக்கவில்லை என்று அதிகாரிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட அந்த இரவுதான் அவர்களுக்குக் கதை. "கதிர்வீச்சை அளக்கும் கருவி 3.6 என்று காட்டுகிறது, அவ்வளவுதான்" என்று அதிகாரி நிம்மதியடையும் காட்சியைப் பார்த்தபோது, அந்தக் கருவியால் 3.6க்கு மேல் காட்டவே முடியாது என்ற உண்மை என்னை அச்சுறுத்தியதைவிடக் கோபப்படுத்தியது.

இயற்பியல் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். கடைசி எபிசோடின் நீதிமன்றக் காட்சியில், சிவப்பு, நீல நிற அட்டைகளை ஒவ்வொன்றாகப் பலகையில் செருகி, உலை எப்படி இயங்கும், அன்றிரவு எந்தச் சமநிலை எப்படிக் குலைந்தது என்று விளக்குகிறார்கள். பள்ளியில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாக ஒரு பாடத்தை நடத்தியதில்லை. பின்னணி இசையமைத்த ஐஸ்லாந்துக்காரரான ஹில்டுர் குட்னடோட்டிர், படப்பிடிப்பு நடந்த லித்துவேனியாவின் பழைய அணுமின் நிலையத்திலேயே ஒலிகளைப் பதிவு செய்து, அவற்றைக்கொண்டே இசையை உருவாக்கினார். காதில் விழுவது இசையா இயந்திரமா என்று பிரித்தறிய முடியாமல் இருப்பது அதனால்தான்.

மூன்றாம் எபிசோடின் மருத்துவமனைக் காட்சிகளும் நான்காம் எபிசோடில் விலங்குகள் வரும் பகுதியும் கடினமானவை. சிறுவர்களை அருகில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள்.

அதில் காட்டுவது அத்தனையும் உண்மையில் நடந்ததா?

இல்லை. எமிலி வாட்சன் நடித்த உலானா ஹோம்யுக் என்ற பெண் விஞ்ஞானி, பல விஞ்ஞானிகளைத் திரட்டி உருவாக்கிய கற்பனைப் பாத்திரம். தொடரில் நீதிமன்றத்தில் உலையை விளக்கும் விஞ்ஞானி வலேரி லெகாசோவ், உண்மையில் அந்த வழக்கு விசாரணைக்குப் போகவே இல்லை. நீதிமன்ற உரை நாடகத்துக்காக எழுதப்பட்டது. அவர் ஒலிநாடாக்களில் தம் நினைவுகளைப் பதிவு செய்து வைத்தது மட்டும் உண்மை. உண்மை நிகழ்வுகளின் மேல் எழுதப்பட்ட தொடர்களை விரும்புவோர், அடுத்ததாக 1992ஆம் ஆண்டுப் பங்குச்சந்தை மோசடியைப் பற்றிய ஸ்கேம் 1992 என்ற பத்து எபிசோடு இந்தித் தொடரைப் பார்க்கலாம்.

உலகின் மிகச் சிறந்த தொடர் என்று தி வயரைச் சொல்கிறார்களே. எனக்கு இரண்டு எபிசோடுகளுக்கு மேல் ஓடவில்லை. ஏன்?

உங்களுக்கு மட்டுமல்ல, நானே இரண்டு முறை இரண்டாம் எபிசோடோடு எழுந்து போனவன்தான். மூன்றாம் முயற்சியில்தான் அத்தொடர் என்னை உள்ளே அழைத்தது. ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

தி வயர் 2002 முதல் 2008 வரை ஐந்து சீசன்களாக, அறுபது எபிசோடுகளாக எச்.பி.ஓ. அலைவரிசையில் வந்தது. உருவாக்கிய டேவிட் சைமன், பால்டிமோர் நகரத்து நாளிதழ் ஒன்றில் காவல்துறைச் செய்தியாளராக இருந்தவர். உடன் எழுதிய எட் பர்ன்ஸ், அதே நகரத்தில் கொலை வழக்குகளைத் துப்பறிந்துவிட்டுப் பிறகு பள்ளி ஆசிரியரானவர். எனவே இதைத் திரைக்கதை ஆசிரியர்கள் அறையில் உட்கார்ந்து யோசித்த கதை என்று சொல்ல முடியாது. பல ஆண்டு காலம் ஒரே ஊரில் தெருத்தெருவாக நடந்த இருவரின் குறிப்பேடு என்றே சொல்லலாம்.

நாம் வழக்கமாகப் பார்க்கும் துப்பறியும் தொடரில், தொடக்கத்தில் ஒரு பிணமும் முடிவில் ஒரு குற்றவாளியும் கிடைப்பார்கள். தி வயரின் முதல் சீசன் முழுவதும் ஒரே வழக்குதான். ஒரு தொலைபேசியை ஒட்டுக்கேட்க வேண்டுமானால் எந்த நீதிபதியிடம் என்ன காரணம் காட்டி அனுமதி பெற வேண்டும், அந்த அனுமதியை மேலதிகாரி ஏன் விரும்பமாட்டார், போதைப்பொருள் விற்பவர்கள் பேஜர் எண்களை எப்படி மாற்றி எழுதுகிறார்கள் என்பதையெல்லாம் அவசரமின்றிக் காட்டிக்கொண்டு போகிறார்கள். யார் யார் என்று எவரும் அறிமுகம் செய்து வைப்பதில்லை. புதிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நமக்கு எப்படி இருக்குமோ, முதல் மூன்று எபிசோடுகள் அப்படித்தான் இருக்கும்.

மூன்றாம் எபிசோடில் ஒரு காட்சி வருகிறது. குடியிருப்பின் நடுவே போட்டிருக்கும் ஆரஞ்சு நிறப் பழைய சோபாவில் உட்கார்ந்து, போதைப்பொருள் விற்கும் இளைஞன் ஒருவன், சதுரங்கக் காய்களை வைத்துக்கொண்டு வேறு விளையாட்டு ஆடும் இரு சிறுவர்களுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறான். ராஜா யார், ராணி யார், சிப்பாய்களுக்கு என்ன ஆகும் என்று அவன் சொல்லச் சொல்ல, அவர்கள் அதைத் தங்கள் கும்பலின் ஆட்களோடு பொருத்திப் பார்த்துக்கொள்கிறார்கள். சிப்பாய் மறுகோடியைத் தொட்டால் ராணியாகலாமா என்று ஒரு சிறுவன் ஆவலோடு கேட்கிறான். அந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றும் தோன்றாவிட்டால் தொடரை நிறுத்திவிடலாம். என்மேல் வருத்தம் கொள்ள வேண்டாம்.

இரண்டாம் சீசனில் கதை திடீரென்று துறைமுகத் தொழிலாளர் சங்கத்துக்குப் போய்விடும். முதல் சீசனில் பழகிய முகங்களைத் தேடிப் பலர் எரிச்சலடைவது இங்கேதான். பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நகராட்சி அரசியல், நான்காவது பள்ளிக்கூடம், ஐந்தாவது நாளிதழ் என்று ஒவ்வொரு சீசனும் நகரத்தின் வேறொரு கதவைத் திறக்கிறது. தொடக்கப் பாடல்கூட ஒன்றேதான், ஆனால் ஒவ்வொரு சீசனிலும் பாடுபவர் மாறுவார். எட்டாம் வகுப்பில் படிக்கும் நான்கு சிறுவர்களைப் பின்தொடரும் நான்காம் சீசனை, நான் பார்த்த தொலைக்காட்சி அனைத்திலும் முதலிடத்தில் வைப்பேன். எட் பர்ன்ஸ் வகுப்பறையில் கழித்த ஆண்டுகளின் பலன் அதில் தெரிகிறது. அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் என் அக்கா, அந்தச் சீசனை முடித்த அன்று இரவு உணவு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இத்தனை சிறப்புடைய இத்தொடருக்கு எம்மி விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். விருதுப் பட்டியலை வைத்துத் தொடரைத் தேர்ந்தெடுக்கும் நண்பர்களுக்குப் பயன்படும்.

பிரேக்கிங் பேட் எப்படி?

நன்றாக இருக்கும். அனைவரும் பார்த்துவிட்டதால் நான் அதிகம் சொல்வதில்லை. 62 எபிசோடுகளில், வேதியியல் ஆசிரியர் ஒருவர் படிப்படியாகக் கீழிறங்குவதை எந்தப் படியையும் தாண்டாமல் காட்டியிருக்கிறார்கள். அதன் கிளைத் தொடரான பெட்டர் கால் சால், மூலத்தைவிட மெதுவானது. என் மதிப்பில் மூலத்தைவிட ஒரு படி மேலானது. ஆனால் முதலில் பிரேக்கிங் பேட், பிறகுதான் அது என்ற வரிசையை மாற்ற வேண்டாம்.

தமிழில் பரிந்துரைக்கத்தக்க தொடரே இல்லையா?

இருக்கிறது, ஓடிடி தளங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தொண்ணூறுகளில் தயாரித்த மர்மதேசம் வரிசையைத்தான் சொல்கிறேன். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ரகசியம், விடாது கருப்பு ஆகிய இரண்டையும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, அந்தத் தலைப்பிசை கேட்டவுடன் இன்றும் முதுகுத்தண்டில் ஏதோ ஊரும்.

வாரம் ஒருமுறை மட்டுமே ஒளிபரப்பான தொடர்கள் அவை. அந்த ஏழு நாள் இடைவெளிதான் அவற்றின் பாதி அச்சத்தை உண்டாக்கியது என்று நினைக்கிறேன்; பார்த்ததைப் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி நாங்களே பெரிதாக்கிக்கொண்டோம். ரகசியம், இருட்டிய பின் எவரும் தங்கக் கூடாத ஒரு கோயிலையும் அங்குள்ள நவபாஷாண லிங்கத்தையும் சுற்றி நடக்கிறது. விடாது கருப்பு, தவறு செய்தவர்களைக் காவல் தெய்வமான கருப்பு தண்டிப்பதாக நம்பும் ஒரு கிராமத்தில், இரண்டு காலங்களில் மாறி மாறிப் பின்னப்பட்ட கதை. ஒரு காலத்தில் சிறுவனாக வருபவன் மறு காலத்தில் யாராக நிற்கிறான் என்பதைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டே வர வேண்டும். காலத்தை முன்னும் பின்னும் புரட்டும் உத்தியை வெளிநாட்டுத் தொடர்களில் பார்த்து வியப்பவர்கள், அதை நம் வீட்டுப் பாட்டிகள் அன்றே எந்தக் குழப்பமும் இன்றிப் பின்தொடர்ந்தார்கள் என்பதை நினைவில் கொள்ளலாம்.

படத்தின் தரம் இன்றைய கண்ணுக்கு மங்கலாகத் தெரியும்; சில காட்சிகள் இழுக்கும். இருந்தாலும் நம்பிக்கையையும் பகுத்தறிவையும் எதிரெதிரே உட்காரவைத்து, கடைசிவரை இரண்டில் எதையும் ஏளனம் செய்யாமல் கொண்டுபோனதால், அவை எனக்கு இன்றும் பழையதாகவில்லை.

சமீபத்தில் வந்த தமிழ்த் தொடர்கள்?

முதலில் விலங்கு. 2022ஆம் ஆண்டு பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கத்தில் ஏழு எபிசோடுகளாக வந்தது. திருச்சி வட்டாரத்துக் காவல் நிலையம் ஒன்றில், அடையாளம் தெரியாத ஒரு சடலத்தில் தொடங்கும் வழக்கு. விமல் நடித்த உதவி ஆய்வாளர் எவரையும் பறந்து பறந்து அடிப்பதில்லை. கர்ப்பிணி மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டும், மேலதிகாரியிடம் திட்டு வாங்க வேண்டும், இடையில் வழக்கையும் பார்க்க வேண்டும். காவல் நிலையத்து எழுத்தர் மேசை, ரோந்து, தேநீர், அதிகாரப் படிநிலை எல்லாம் உள்ளிருந்து பார்த்ததுபோல் இருக்கும்.

அதே ஆண்டில் வந்த சுழல், புஷ்கர், காயத்ரி இணையர் உருவாக்கி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய எட்டு எபிசோடுத் தொடர். தொழிற்சாலை எரிவதும் ஒரு பெண் காணாமல் போவதும் மயானக் கொள்ளைத் திருவிழாவோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. திருவிழாவை வெறும் அலங்காரமாக வைக்காமல் கதையின் முதுகெலும்பாக்கியது பிடித்திருந்தது. ஒவ்வோர் எபிசோடு முடிவிலும் ஒரு திடுக்கிடலை வைத்தே தீருவது என்ற பிடிவாதம் எனக்குச் சலிப்பூட்டியது. எஸ்.ஜே. சூர்யா நடித்த வதந்தியையும் பார்க்கலாம். இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி ஊர் எத்தனை விதமாகப் பேசுகிறது என்பதே அதன் கரு. எட்டு எபிசோடுகளை ஆறாகச் சுருக்கியிருந்தால் இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

மெகா தொடர்களை ஏன் நீங்கள் சேர்ப்பதில்லை? அவை தரக்குறைவானவை என்பது உங்கள் கருத்தா?

அப்படியல்ல. 1999இல் தொடங்கிய சித்தியும், 2002 முதல் 2005 வரை வந்த திருமுருகனின் மெட்டி ஒலியும், திருச்செல்வத்தின் கோலங்களும் நன்றாக எழுதப்பட்ட பல வாரங்களைக் கொண்டவை. ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனாக டெல்லி குமார் வாசலில் உட்கார்ந்திருக்கும் தோற்றத்தை, நடிப்புப் பள்ளியில் பாடமாக வைக்கலாம். என் தயக்கம் அளவைப் பற்றியது. கோலங்கள் ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுகளைத் தாண்டியது. இன்று புதிதாக ஒருவரை அழைத்து அதைப் பார்க்கச் சொல்வது, ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றில் பாதியில் இறங்கச் சொல்வதற்கு ஒப்பாகும். அவை ஒரு காலத்தில் ஊரோடு சேர்ந்து, நாளுக்கு அரைமணி நேரமாக வாழப்பட்டவை. மொத்தமாக அடுக்கிவைத்துப் பார்ப்பதற்காக எவரும் அவற்றை எழுதவில்லை.

பெற்றோர், பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, தொலைக்காட்சி ரிமோட்டைத் தேடாமல் பார்க்கும்படி ஏதாவது?

இக்கேள்விக்கு என் முதல் பதில், 2015 நவம்பரில் தொடங்கி 2016 ஜனவரியில் முடிந்த ரிப்ளை 1988 என்ற கொரியத் தொடர். சியோல் நகரத்தில் சங்முன்தோங் என்ற பகுதியின் ஒரே சந்தில் குடியிருக்கும் ஐந்து குடும்பங்கள். அந்த வீடுகளின் பிள்ளைகள் சேர்ந்து வளர்கிறார்கள். கதை என்று சொல்ல இவ்வளவுதான். முதல் எபிசோடில், ஒரு வீட்டில் சமைத்ததைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பிள்ளை அடுத்த வீட்டுக்குப் போக, அந்த வீட்டுக்காரர் வெறுங்கையோடு அனுப்பாமல் வேறொன்றைக் கொடுக்க, அது இன்னொரு வீட்டுக்குப் போக, கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் கையில் கிண்ணத்தோடு சந்தில் ஒருவரையொருவர் கடந்து ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காட்சியைப் பார்த்ததும் என் அம்மா, "இது நம் லைன் வீடு" என்றார். நண்பனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கடனாளியாகி, பாதி நிலத்தடியில் இருக்கும் வீட்டில் குடும்பம் நடத்தும் வங்கி ஊழியரான அப்பாவை அடையாளம் காண மொழியும் தேவையில்லை. இருபது எபிசோடுகள்தான் என்றாலும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும். இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்.

நம் நாட்டில் எடுத்தவற்றில் மால்குடி டேஸ். ஆர்.கே. நாராயணின் கதைகளை, கர்நாடகத்தின் ஆகும்பே கிராமத்தில் படப்பிடிப்பு நடத்திச் சங்கர் நாக் இயக்கினார். எல். வைத்தியநாதனின் தலைப்பிசையும், ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்களும் அதன் அடையாளங்கள். பெரும்பாலும் தனித்தனிக் கதைகள் என்பதால் எங்கிருந்தும் தொடங்கலாம்.

இந்தியில் பஞ்சாயத்தை விரும்பியவர்கள், அதன் தமிழ் வடிவமான தலைவெட்டியான் பாளையத்தையும் பார்க்கலாம். 2024இல் வந்த அதை இயக்கியவர், மர்மதேசத்தை இயக்கிய அதே நாகா. விடாது கருப்பில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் கால் நூற்றாண்டுக்குப் பின் இதில் ஊராட்சித் தலைவர் வீட்டுத் தம்பதியாக வருகிறார்கள். மூலத்தின் இயல்பு சில இடங்களில் குறைகிறது. ஆனால் அவ்விருவர் பேசும் காட்சிகளில் குறை தெரியவில்லை.

நான் அரசு அலுவலகத்தில் பணிபுரிகிறேன். மனம்விட்டுச் சிரிக்க ஒரு தொடர் வேண்டும்.

எஸ் மினிஸ்டர். 1980இல் பி.பி.சி.யில் தொடங்கிய இத்தொடரில், புதிதாகப் பதவியேற்ற அமைச்சர் ஒருவர் ஏதாவது ஒரு சீர்திருத்தத்தைச் செய்ய முயல்வார். அவருடைய துறைச் செயலர் சர் ஹம்ப்ரி, மிகுந்த பணிவோடு, இலக்கணப் பிழையற்ற மிக நீண்ட வாக்கியங்களால் அதை நடக்கவிடாமல் செய்வார். நோயாளி ஒருவர்கூட இல்லாத, ஆனால் ஐந்நூறு ஊழியர்கள் ஓயாமல் வேலைசெய்யும் ஒரு மருத்துவமனை வருகிறது. அதை மூடினால் என்ன என்று அமைச்சர் கேட்க, அது எவ்வளவு சிறப்பாக நிர்வகிக்கப்படுகிறது தெரியுமா என்று அவருக்கு விளக்கப்படுகிறது. பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரே இத்தொடரின் ரசிகர். கோப்பில் "ஆவன செய்க" என்று எழுதப்பட்டதைப் படித்து, அதன் உண்மைப் பொருளை அறிந்தவர்களுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

சப்டைட்டில் படித்துக்கொண்டே பார்ப்பது சிரமமாக இருக்கிறது. தமிழ் டப்பிங்கில் பார்க்கலாமா?

சிறுவர்களுக்கும், கண்பார்வை குறைந்த பெரியவர்களுக்கும் டப்பிங் நல்லதுதான். மற்றவர்களுக்கு என் வேண்டுகோள், ஒரு வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதே. மூன்று நான்கு நாளில் கண் வரியைப் பிடிக்கப் பழகிவிடும்; படிக்கிறோம் என்ற எண்ணமே மறந்துபோகும். டப்பிங்கில் வசனம் உதட்டசைவுக்கு அடங்க வேண்டியிருப்பதால் அதற்கேற்பச் சொற்களை மாற்றுகிறார்கள், ஐந்து பேருக்கு ஒரே குரல் வருவதும் உண்டு. இன்னொன்று: சப்டைட்டில் இருந்தால் கைப்பேசியை நோண்ட முடியாது. அதை நான் குறையாக நினைக்கவில்லை.

டார்க் பார்த்தேன், தலை சுற்றுகிறது. எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கான்வால்ட், நீல்சன், டோப்ளர், டீடமன் ஆகிய நான்கு குடும்பங்களின் கொடிவழியை எழுதிக்கொண்டே போங்கள். 1953, 1986, 2019 என முப்பத்து மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே ஆள் மூன்று வெவ்வேறு வயதுகளில் மூன்று நடிகர்களாக வருவதால், பெயரைப் பிடித்தால்தான் வழி தெரியும். காலப்பயணத்தைப் பற்றிய இந்த ஜெர்மன் தொடர் மூன்று சீசன்களில் 26 எபிசோடுகளோடு முடிந்துவிடுகிறது. முதல் சீசனில் தற்செயலாகத் தோன்றிய சிறு பொருளுக்குக்கூடக் கடைசியில் கணக்கு ஒப்படைக்கிறார்கள். இடைவெளிவிட்டுப் பார்த்தால் தாளே உங்களுக்குப் புரியாது. மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

உங்கள் பட்டியலில் கேம் ஆஃப் த்ரோன்ஸ் ஏன் இல்லை?

முதல் நான்கு சீசன்களை எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் முதல் பாதியை மட்டும் பாருங்கள் என்று ஒரு தொடரைப் பரிந்துரைக்க முடியாதே. மூலமான நாவல் வரிசையின் ஐந்தாம் நூல் 2011இல் வந்தது. தொடரும் அதே ஆண்டில் தொடங்கியது. அடுத்த நூல் வருவதற்குள் தொடர், நூல்களைக் கடந்து ஓடிவிட்டது. பத்துப் பத்து எபிசோடுகளாக நிதானமாக நடந்த கதை, ஏழாம் சீசனில் ஏழாகவும் எட்டாம் சீசனில் ஆறாகவும் சுருங்கியது. முன்பு ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்குப் போக ஒரு சீசன் பிடித்தது. கடைசியில் ஒரு காட்சி போதுமானதாக இருந்தது. முதல் கேள்விக்கு நான் சொன்ன அளவுகோல் இத்தொடர் தந்த ஏமாற்றத்தில் பிறந்தது.

அறிவியலில் ஆர்வமுள்ள மகளுக்கு என்ன காட்டலாம்?

கார்ல் சாகனின் காஸ்மாஸ், 1980ஆம் ஆண்டு வந்த 13 எபிசோடுகள். அறிவியல் செய்திகளில் சில பழையதாகிவிட்டன. சொல்லும் முறை பழையதாகவில்லை. பத்தாம் எபிசோடில் அவர் தமிழ்நாட்டுக்கே வந்து, பொங்கல் கொண்டாட்டத்தைக் காட்டி, சோழர் கால நடராசர் செப்புத் திருமேனியின் முன் பிரபஞ்சத்தின் தோற்றத்தையும் ஒடுக்கத்தையும் பற்றிப் பேசுகிறார். மகளோடு நீங்களும் உட்காருங்கள்.

பிடிக்காவிட்டால் எத்தனையாவது எபிசோடில் நிறுத்தலாம்?

பத்து எபிசோடுகளுக்கு உட்பட்ட தொடர் என்றால் இரண்டு. நீண்ட தொடர் என்றால் நான்கு. "ஆறாவது எபிசோடிலிருந்து சூடுபிடிக்கும்" என்று சொல்பவர்களிடம், அந்த ஐந்தையும் அவர்கள் எந்த மனநிலையில் பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு தொடர்தான் என்றால் எதைச் சொல்வீர்கள்?

டெக்கலாக். போலந்துத் தொலைக்காட்சிக்காகக் கிஷ்டோஃப் கீஷ்லோவ்ஸ்கி 1988இல் எடுத்தது. பத்துக் கட்டளைகளைத் தொட்டுக்கொண்டு, ஏறத்தாழ ஒரு மணி நேர அளவில் பத்துத் தனிக் கதைகள். உடன் எழுதியவர் பிசேவிச் என்ற வழக்கறிஞர். வார்சாவில் ஒரே சாம்பல் நிற அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாம் நடக்கிறது. ஒரு கதையின் நாயகர் அடுத்த கதையில் மின்தூக்கியில் யாரோ ஒருவராக நின்றுகொண்டிருப்பார். பெரும்பாலான கதைகளில் ஒரு வார்த்தையும் பேசாத ஓர் இளைஞர், மனிதர்கள் முடிவெடுக்கும் தருணங்களில் எங்கோ நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் யார் என்று கடைசிவரை சொல்வதில்லை.

முதல் கதையில், கணினியை முழுவதும் நம்பும் ஒரு பேராசிரியர், வீட்டருகே உறைந்திருக்கும் ஏரியின் பனி தன் மகனின் எடையைத் தாங்குமா என்று கணக்குப் போடுகிறார். கணக்கு சரியாகவே வருகிறது. திருப்தி இல்லாமல், இரவில் தானே போய் அந்தப் பனியின்மேல் நடந்தும் பார்க்கிறார். இதற்கு மேல் சொல்லமாட்டேன். ஓர் இரவுக்கு ஒன்றுக்கு மேல் பார்க்க வேண்டாம். அடுத்த எபிசோடு தானாக ஓடத் தொடங்கும் வசதி உங்கள் தளத்தில் இருந்தால், முதலில் அதை நிறுத்தி வைத்துவிட்டு உட்காருங்கள்.